அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசியுங்கள்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கைக் குழுக்களில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வருகிற ஜூன் கடைசியில் என் விண்ணப்பம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக உங்களில் பதினெட்டுக் கல்லூரிகளுக்கு வந்து சேரும். என்னைப் பற்றிச் சொல்ல அதில் 5,300 எழுத்து கொடுத்திருக்கிறீர்கள், இடைவெளியும் சேர்த்து. ஏன் டாக்டராக ஆசைப்படுகிறேன் என்பதற்கே அது சரியாகப் போய்விட்டது. எப்படிப் படித்தேன் என்று எழுத இடமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதினால் எங்களுக்கு என்ன புரியும் என்று கேட்கலாம். உங்கள் குழுக்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல்கூட வாங்கி வந்திருக்கிறேன், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அப்புறம், பகலில் ஆபீஸ் ராத்திரியில் கெமிஸ்ட்ரி என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் எடிசனிலும் டாலஸிலும் ஃப்ரீமாண்டிலும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

எனக்கு வயது 36. நியூ ஜெர்சியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் 2013-லிருந்து சாஃப்ட்வேர் வேலை. கிரீன் கார்டு கணவர் வழியில் வந்தது, அதனால் விசா தலைவலி எனக்கு இல்லை. அது இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம், உங்களில் பெரும்பாலான கல்லூரிகள் அவர்கள் விண்ணப்பத்தைத் தொடுவதே இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்கும், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எம்.பி.பி.எஸ். இங்கே முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், வரலாறோ இசையோ என்னவாக இருந்தாலும் சரி, ஆனால் அதோடு உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஒவ்வொன்றும் ஒரு வருடம் லேப்போடு படித்திருக்க வேண்டும், அதன் மேல் பயோகெமிஸ்ட்ரி, புள்ளியியல், ஆங்கிலம், கொஞ்சம் உளவியல், சமூகவியல். இதெல்லாம் முடிந்து எம்கேட் என்ற ஏழரை மணி நேரப் பரீட்சை. அப்புறம்தான் விண்ணப்பமே.

நான் கோவில்பட்டியில் 2005-ல் பத்தாம் வகுப்பு முடித்தேன். பதினோராம் வகுப்புக்கு ஃபாரம் வாங்கப் போன அன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் வரிசை நீளமாக இருந்தது, பயோ-மேத்ஸ் வரிசை அதைவிடக் குட்டையாக இருந்தது, நீளமான வரிசையில்தான் ஏதோ இருக்கிறது என்று அப்பா அதில் நிற்க வைத்துவிட்டார். உயிரியல் புத்தகத்தை நான் மூடியது அன்றைக்கு. பதினைந்து வயதில் நின்ற வரிசைக்கு அங்கே மறுபரிசீலனை கிடையாது, உயிரியல் இல்லாமல் பன்னிரண்டு முடித்தவர்களுக்குக் கதவை ஓரளவு திறந்து தேசிய மருத்துவ ஆணையம் அறிவிப்பு வெளியிட்டதே 2023 நவம்பரில்தான். இங்கேயோ 32 வயதில் ஒரு கவுண்டி காலேஜ் (உள்ளூர் அரசு இரண்டாண்டுக் கல்லூரி) இணையப் பக்கத்தில் போய், கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) இருநூறு டாலர் சொச்சம் கட்டி, பொது வேதியியல் முதல் பாகம் என்று சேர முடிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்காக இந்த ஊருக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதெல்லாம் குறைதான்.

2021 செப்டம்பரில் ஆரம்பித்தேன். 2025 டிசம்பரில் முடித்தேன். மொத்தம் ஐம்பது கிரெடிட். முழுநேர மாணவன் ஒருவன் ஒரு பருவத்துக்குப் பதினைந்து எடுப்பான், அந்தக் கணக்கில் இது நான்கு பருவத்துக்குள் முடிகிற சமாச்சாரம். எனக்கு நாலே கால் வருடம். உங்கள் கண்ணுக்கு முதலில் படப்போவது இந்த நாலே காலாகத்தான் இருக்கும். போன வருடம் உங்களில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், இணையவழியில் நடத்திய அறிமுகக் கூட்டத்தில் நானே கேட்டேன், வேலை பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாடமாகப் படித்தவர்களை எப்படிப் பார்ப்பீர்கள் என்று. கூட்டத்தை நடத்திய அம்மா சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார்: எல்லாவற்றையும் ஹோலிஸ்டிக்காக, அதாவது முழுமையாகச் சேர்த்துப் பார்ப்போம், ஆனால் மருத்துவப் படிப்பின் பாரத்தைத் தாங்குவீர்களா என்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் முழுச் சுமையோடு அறிவியல் பாடங்கள் எடுத்த பருவம் ஒன்றாவது இருந்தால் நல்லது. மைக்கை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பொது வேதியியல் ஒன்று முடித்தால்தான் இரண்டு. அது முடிந்தால் ஆர்கானிக் ஒன்று, பிறகு இரண்டு, அதற்குப் பிறகுதான் பயோகெமிஸ்ட்ரி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின் ஒன்று. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கோடை வகுப்பு எடுக்காவிட்டால், இந்த ஐந்துக்கும் ஐந்து பருவம். அதோடு மாலை வகுப்பு எப்போது வைப்பார்கள் என்பது காலேஜ் கையில். ஆர்கானிக் இரண்டாம் பாகம் வசந்தப் பருவத்தில் மட்டும்தான், அதிலும் ஒரே ஒரு மாலைப் பிரிவு. உயிரியலுக்கு ஒருமுறை பேர் பதிந்து, மேனேஜரிடம் கெஞ்சி செவ்வாய், வியாழன் ஐந்து மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கி, புத்தகமும் வாங்கியாகிவிட்டது, வகுப்பு தொடங்க ஆறு நாள் இருக்கும்போது ஆள் சேரவில்லை என்று அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள். பகல் பிரிவில் இடம் இருக்கிறது என்று மின்னஞ்சல். பகலில் நான் எங்கே இருப்பேன்? பக்கத்துக் கவுண்டியில் ஒரு பிரிவு இருந்தது, அங்கே சேர்ந்தேன், போக வர ஒரு மணி நேரம் கூடுதல். உங்கள் பார்வையில் அது டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஒரு புதிய காலேஜ் பெயர், ஏன் இந்தப் பெண் காலேஜ் காலேஜாக அலைகிறாள் என்று ஒரு கேள்விக்குறி.

பயோகெமிஸ்ட்ரிக்கு இன்னொரு காலேஜ், ஏனென்றால் எங்கள் கவுண்டி காலேஜில் அது கிடையாது. நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டத்தில் சேராத வெளி மாணவியாகப் போய்ப் படித்தேன். அங்கே முழுநேர மாணவர்கள் எல்லோரும் பதிந்து முடித்த பிறகுதான் எங்களுக்கு ஜன்னல் திறக்கும். நள்ளிரவு பன்னிரண்டுக்கு, தட்கல் டிக்கெட் எடுக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது.

சரி, ஒரு நாளை மட்டும் காட்டுகிறேன். 2023 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை, ஆர்கானிக் ஒன்று லேப், மாலை ஆறிலிருந்து பத்து வரை. அன்றைக்குத் தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்க வேண்டும். தேநீர்ப் பைகளைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிரிபுனலில் ஊற்றி, டைகுளோரோமீத்தேன் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், நடுநடுவே குழாயைத் திறந்து உள்ளே சேர்ந்த ஆவியை வெளியே விட வேண்டும். வேகமாகக் குலுக்கினால் இரண்டு திரவமும் கலந்து கூழ் மாதிரி ஆகிவிடும், பிரியாது. என் லேப் பார்ட்னருக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு எதையுமே மெதுவாகச் செய்ய வராது. குலுக்கி என் கையில் கொடுத்தான். அதே நேரத்தில் கோட்டுப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அந்த வாரம் ஆன்கால் என் முறை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும், ராத்திரி க்ளெய்ம் பேட்ச் ஜாப் நின்றுபோனால் பதினைந்து நிமிடத்துக்குள் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, வராந்தாவில் ஃபயர் எக்ஸிட் பக்கம் தரையில் உட்கார்ந்து, எங்கே நின்றது என்று தேடி, யாரோ ஒரு ஃபைலை மாற்றுப் பெயரில் போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, ஜாபை மறுபடி ஓடவிட்டு உள்ளே வர இருபத்தைந்து நிமிடம். வந்து பார்த்தால் பிரிபுனலில் கூழ் தானாகவே தெளிந்து, மேலே பழுப்புத் தேநீர், கீழே நிறமில்லாத டைகுளோரோமீத்தேன் என்று அழகாக இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. சும்மா நிற்க விட்டிருந்தாலே போதுமாம். அன்றைக்கு எனக்கு வந்த ஒரே அதிர்ஷ்டம் கம்பெனி சர்வர் படுத்ததுதான்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு ஆபீஸில் அந்த ஜாப் ஏன் நின்றது என்று விளக்கக் கூட்டம். ஞாயிற்றுக்குள் லேப் ரிப்போர்ட். சனிக்கிழமை ராத்திரி ஊர் ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாடில் ஆம்புலன்ஸ் ஷிப்ட், சம்பளமில்லாத தொண்டு வேலை, ஐந்து வருடமாகப் போகிறேன். அதுவும் நீங்கள் கேட்பதுதான், நோயாளிகள் பக்கத்தில் இருந்த அனுபவம் வேண்டும் என்று. கேட்காவிட்டாலும் போவேன், அது வேறு விஷயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பத்தில் பாடங்கள் ஒரு பகுதியில் இருக்கின்றன, பருவவாரியாக, கிரெடிட்டும் கிரேடும். வேலையும் மற்ற நடவடிக்கைகளும் வேறொரு பகுதியில், அதிகபட்சம் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. முதல் பகுதியில் 2024 வசந்தம் என்று தேடினால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டு, 4 கிரெடிட், பி பிளஸ் என்று மட்டும் இருக்கும். நான்கு கிரெடிட் எடுத்து பி பிளஸா என்று தோன்றும், எனக்கே தோன்றும். இரண்டாம் பகுதியில் 2013 முதல் இன்று வரை சம்பள வேலை, 25,000 மணி நேரம் என்று ஒரு வரி இருக்கும். என் விண்ணப்பத்திலேயே மிகப் பெரிய எண் அதுதான், அதைத்தான் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத வேலை என்ற தலைப்பில் கிடப்பதால். இந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தேதிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. அந்த 2024 வசந்தத்தில் கம்பெனியில் பழைய சிஸ்டத்தைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள், டீமில் ஒன்பது பேர் ஆறு பேரானோம், வாரத்துக்கு ஐம்பது மணிக்குக் குறையவில்லை. அதோடு வகுப்பும் லேப்பும் ஏழு மணி, வீட்டில் படிப்பு பத்துப் பன்னிரண்டு மணி, வண்டியில் நான்கு மணி. கூட்டினால் எழுபதைத் தாண்டுகிறது. பாரம் தாங்குவேனா என்பது உங்கள் கேள்வி என்றால் பதில் அந்தக் கூட்டலில் இருக்கிறது, கிரெடிட் எண்ணில் இல்லை.

என்னைப் போல ஊரில் பி.ஈ. முடித்து வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுக் கல்லூரி மதிப்பெண்ணை ஆம்காஸ் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. இங்கே படித்த எம்.எஸ். தனி வரிசையில் போய் நிற்கும். ஆக, என் இளநிலை ஜிபிஏ என்று நீங்கள் பார்க்கப்போகும் அந்த எண் முழுக்க முழுக்க இந்த ஐம்பது கிரெடிட்டிலிருந்து மட்டும் வருகிறது. இருபது வயதில் நான்கு வருடம் படித்தவனுக்கு நூற்றிருபது கிரெடிட்டில் ஒரு பி பிளஸ் கரைந்து போகும். எனக்குக் கரையாது. இதை நான் அநியாயம் என்று சொல்லவில்லை, கணக்கு அப்படி. தெரிந்து வைத்துக்கொண்டு பாருங்கள் என்கிறேன்.

ஆங்கிலம் வேறு எடுக்கச் சொன்னீர்கள். பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தில் டாகுமெண்ட் எழுதிச் சம்பளம் வாங்கியவள், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு கட்டுரை எழுதுவது எப்படி என்று ஒரு கோடை முழுக்கப் படித்தேன். பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரவு வகுப்பு மேல் உங்களுக்கு இருக்கும் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் இல்லை, லூயிவில்லில் பள்ளிக்கூடம் நடத்தியவர். மருத்துவம் படிக்க வருகிறவன் வேதியியல், உயிரியல், இயற்பியல் தெரிந்துதான் வர வேண்டும் என்று நாம் இன்று மாரடிக்கும் பட்டியலை ஊன்றி நிறுத்தியதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு. காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த எத்தனையோ பள்ளிகள் அதன் பிறகு மூடப்பட்டன, அவற்றில் இரவுப் பள்ளிகளும் உண்டு. பெரும்பாலும் நல்லதுதான் நடந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து அதோடு போயின, ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. அந்த ஹோவர்டின் மருத்துவப் பிரிவு 1868-ல் தொடங்கியபோது பாடம் நடந்ததே மாலையிலும் இரவிலும்தான், ஏனென்றால் படிக்க வந்தவர்கள் பகலில் வாஷிங்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரிப் படிப்பு என்றால் மட்டம் என்ற எண்ணம் அந்த நாளின் போலிப் பள்ளிகள் மேல் விழுந்த கறை, அது இன்னும் துடைபடவில்லை என்பது என் ஊகம். என் ஆர்கானிக் ஆசிரியர் பகலில் மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சியாளர், இரவில் எங்களுக்குப் பாடம் எடுத்தார். இந்த மூலக்கூறை நேற்று மத்தியானம் செய்தேன் என்று சொல்லிப் பாடம் எடுத்த ஆசிரியர் எனக்கு வேறு யாரும் அமைந்ததில்லை.

அவருக்கு அந்தக் காலேஜில் ஓர் அறை கிடையாது, மேசைகூடக் கிடையாது. அறிவியல் ஆசிரியர்கள் இருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்கிறீர்கள், உங்களில் சிலர் மாணவரின் கல்லூரிக் குழுவே சேர்ந்து எழுதிய கடிதம் இருந்தால் மேல் என்கிறீர்கள். எனக்குக் குழு எங்கே இருக்கிறது? ராத்திரி பத்தேகாலுக்குப் பார்க்கிங் லாட்டில் அவர் கார் கதவருகே நின்று, பனி பெய்துகொண்டிருக்க, சார் எனக்கு ஒரு லெட்டர் வேண்டும் என்று கேட்டேன். கார் ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே உட்காரச் சொல்லி அரைமணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார், வயது உட்பட. அந்தக் கடிதத்தில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கல்லூரிக் குழு எழுதும் கடிதத்தைவிட அதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பட்டம் முடித்தவர்கள் இந்த அறிவியல் பாடங்களைப் படிப்பதற்கென்றே முறையான போஸ்ட்-பேக் திட்டங்கள் இருக்கின்றனவே, அங்கே போயிருக்கலாமே என்பீர்கள். கொலம்பியாவில் 1955-லிருந்து இருக்கிறது, பிரின் மாரில் 1972-லிருந்து. நல்ல பெயர், நல்ல முடிவுகள். பிரின் மார் மாதிரி ஒரே வருடத்தில் முடிக்கிற திட்டத்துக்கு வேலையை விட வேண்டும், கையில் பல்லாயிரம் டாலர் வேண்டும். ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் மாதிரி மாலையில் நடத்துகிற இடங்களும் உண்டு, ஆனால் அதற்கு பாஸ்டன் பக்கம் குடியிருக்க வேண்டும். நான் எடிசனில் இருக்கிறேன், மாமியார் எங்களோடு இருக்கிறார், வீட்டுக் கடன் இருக்கிறது. கடன் என்றதும் ஞாபகம் வருகிறது: ஒரு பருவத்துக்கு நான்கு கிரெடிட் எடுப்பவருக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது, குறைந்தது அரைநேர மாணவராக இருக்க வேண்டும், அதாவது ஆறு கிரெடிட். கம்பெனி வழியாக வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரியில்லாமல் படிப்புச் செலவு வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் கம்பெனி வேலைக்குத் தொடர்புடைய படிப்புக்கு மட்டும் கொடுக்கும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கும் இன்சூரன்ஸ் சாஃப்ட்வேருக்கும் என்ன தொடர்பு என்று எச்.ஆர். கேட்ட மின்னஞ்சலை இன்னும் வைத்திருக்கிறேன், மனசு சரியில்லாதபோது எடுத்துப் படித்துச் சிரிப்பதற்கு. புள்ளியியலுக்கு மட்டும் பணம் வந்தது.

அப்புறம் இந்தக் காலாவதி. உங்களில் சிலருக்குப் பாடம் ஐந்து வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும், சிலருக்கு ஏழு, சிலருக்குப் பத்து, பலருக்கு அப்படி ஒன்றுமே கிடையாது. ஐந்து என்பவர்களைக் கேட்கிறேன். முழுநேரமாகப் படித்தவனுக்கு ஐந்து வருடம் தாராளம். என்னைப் போல ஒவ்வொன்றாக வருகிறவளுக்கு, கடைசிப் பாடம் முடித்து உங்களிடம் வந்து சேருவதற்குள் முதல் பாடம் காலாவதியாகிவிடும். 2021-ல் படித்த வேதியியலை 2027-ல் மறுபடி எடுக்கச் சொல்வீர்களா? அப்படி எடுத்தால் அடுத்து உயிரியல் கெட்டுப்போகும், முடிவே இல்லாத வேலை. அடுப்பில் ஒரு தோசை முடிவதற்குள் முதல் தோசை ஆறிப்போகிற கதை. இத்தனைக்கும் இந்தப் பாடம் எல்லாவற்றையும் சேர்த்து எம்கேட்டில் 230 கேள்வியாகக் கேட்கிறீர்கள். ஏப்ரலில் அதை எழுதப் போகிறேன். ஏப்ரலில் எனக்கு அமிலமும் காரமும் தெரிந்திருந்தால், அதை 2021-ல் படித்தேனா 2025-ல் படித்தேனா என்பதில் உங்களுக்கு என்ன வந்தது?

பாடமே வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். நியூ யார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-லிருந்து இலக்கியமும் வரலாறும் படித்தவர்களை ஆர்கானிக், இயற்பியல், எம்கேட் எதுவும் இல்லாமல் சேர்த்துப் பார்த்தது, அவர்களும் மற்றவர்களுக்கு ஈடாகத்தான் படித்தார்கள் என்று 2010-ல் கட்டுரையும் வெளியிட்டது. அது அவர்கள் பாதை. எனக்கு ஆர்கானிக் பிடிக்கும். எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போகிறது என்று அம்புக்குறி போடுவது, புரோகிராமில் பிழை தேடுவது மாதிரியே இருக்கிறது, எங்கே ஓட்டம் தடைபடுகிறது என்று பார்த்தால் போதும். நான் கேட்பது பாடத்தில் தள்ளுபடி இல்லை.

கேட்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கவுண்டி காலேஜ் பாடம் ஏற்பீர்களா, மாட்டீர்களா என்று உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தையில் போடுங்கள். மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கை விவரங்களைத் தொகுத்துத் தரும் எம்எஸ்ஏஆரில் சந்தா கட்டிப் பார்த்தால் ஆம் என்று இருக்கிறது, உங்கள் இணையப் பக்கத்தில் வந்தால் ஏற்போம் ஆனால் நான்காண்டுக் கல்லூரியை விரும்புகிறோம் என்று இருக்கிறது, மின்னஞ்சல் போட்டால் ஹோலிஸ்டிக் என்று பதில் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. விரும்புகிறோம் என்றால் எத்தனை விருப்பம்? இருநூறு டாலர் கிரெடிட்டை விட்டு ஆயிரம் டாலர் கிரெடிட்டுக்குப் போகிற அளவுக்கா? காலாவதி எத்தனை வருடம், வெளிநாட்டு பி.ஈ. போதுமா அல்லது இங்கே இத்தனை கிரெடிட் வேண்டுமா, இதையும் எழுதிப் போடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று போடுங்கள், எங்களுக்கு 2021-லேயே தெரிந்திருந்தால் அதற்கேற்ப நடந்திருப்போம். எனக்குப் பதில் சொன்ன பதினோரு கல்லூரிகளில் தெளிவாகச் சொன்னவை நான்கு. அதில் இரண்டு, வேண்டாம் என்று சொன்னவை. அந்த இரண்டின் மேலும் எனக்கு வருத்தமே இல்லை.

நோயாளிப் பக்கம் நின்று பார்க்கும் ஷேடோயிங் எல்லாம் பகல் வேலை நேரத்தில்தான் நடக்கிறது, அதற்கு நான் கொடுத்தது வருடத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறையில் பாதி. 2023-ல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஃபைனல் பரீட்சைக்கும் ஆபீஸ் ரிலீஸுக்கும் நடுவில் நான்கு நாள் போய் வந்தேன். திருநெல்வேலியில் ரயிலேற்றிவிட வந்த அம்மா கேட்டது, படிச்சு முடிக்கையில ஒனக்கு நாப்பத்தஞ்சு ஆயிரும்லா? கணக்கு சரிதான். 2027-ல் சேர்ந்தால் 2031-ல் பட்டம், ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, மூன்று வருடம், 2034. இருபது வருடம் வேலை செய்ய மிச்சமிருக்கும் என்று சொன்னேன். அப்பா மின்வாரியத்தில் முப்பத்தி நாலு வருஷம், அவருக்கு அது பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

இப்போது பிப்ரவரி. காலையில் நான்கரைக்கு எழுந்து ஆறரை வரை எம்கேட், பிறகு சாம்பார், பிறகு ஆபீஸ். ஜூனில் விண்ணப்பம் வரும்போது பாடப் பட்டியலில் 2024 வசந்தத்துக்குப் போய்விட்டு, அப்படியே வேலைப் பட்டியலில் முதல் வரிக்கும் ஒருமுறை வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பருவத்துக்கு நான்கு கிரெடிட் எடுத்தவள்,
எடிசன், நியூ ஜெர்சி

பி.கு.: அந்தத் தேயிலையிலிருந்து எனக்கு வந்த காஃபீன் 38 மில்லிகிராம், லேசாகப் பச்சை நிறம். குலுக்கிய பையனுக்கு 52 வந்தது. எப்படி என்று இன்றுவரை சொல்லவில்லை.